பிடிவாதக்காரர் – 9: கட்சியைக் கேட்காமல் போன கடிதம்

சென்ற வாரம் 1798-இன் கோடையில் நிறுத்தியிருந்தோம். சமாதானம் பேசப் பாரிஸுக்குப் போன மூன்று அமெரிக்கத் தூதர்களிடம் பிரெஞ்சு வெளியுறவு அமைச்சர் டாலிராண்டின் ஆட்கள் 50,000 பவுன் லஞ்சம் கேட்டார்கள். தூதர்கள் எழுதிய கடிதங்களை அதிபர் ஜான் ஆடம்ஸ் அப்படியே நாடாளுமன்றத்தின் முன் வைத்தார். தரகர்களின் பெயர்களை மறைத்து எக்ஸ், ஒய், இசட் என்று மட்டும் போட்டிருந்தது. ஊர் கொதித்தது.

71-க்கு 68 என்று மூன்றே வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தவர் என்று கேலி பேசப்பட்ட மனிதர் ஒரே மாதத்தில் நாயகனாகிவிட்டார். பிலடெல்பியாவில் இளைஞர்கள் தொப்பியில் கறுப்பு ரிப்பன் பூவைக் குத்திக்கொண்டு அவர் வீட்டு வாசலுக்கு ஊர்வலம் வந்தார்கள். ஒரு நாள்கூடப் படையில் இருந்திராத ஆடம்ஸ், ராணுவ உடையும் இடுப்பில் வாளுமாக வெளியே வந்து அவர்களுக்குத் தரிசனம் தந்தார். குள்ளமான, பருத்த, 62 வயது வக்கீல். சொந்தக் கட்சிக்காரர்கள் மட்டும்தான் சிரிக்காமல் பார்த்திருப்பார்கள்.

கடலில் துப்பாக்கி வெடிக்கத் தொடங்கிவிட்டது. போர் அறிவிப்பு இல்லை. போர் மட்டும் இருந்தது. ஏப்ரல் 30-இல் கப்பற்படைக்கென்று தனித் துறை பிறந்தது. ஜூலை 7-இல், விடுதலைப் போரின்போது பிரான்சோடு செய்துகொண்ட ஒப்பந்தங்களை நாடாளுமன்றம் செல்லாதவையாக்கியது. அடுத்து முழுப் போர்தான் என்று ஆடம்ஸின் ஃபெடரலிஸ்ட் கட்சியின் பெரிய தலைகள் நம்பினார்கள். வாள் கட்டிய அதிபரும் அதற்குத்தான் தயாராகிறார் என்று நினைத்தார்கள்.

அந்தக் கணக்கு எப்படிப் பொய்த்தது என்பதுதான் இந்த வாரம்.

* * *

முதலில், நியூயார்க்கில் வக்கீல் தொழில் பார்த்துக்கொண்டிருந்த ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எந்த அரசுப் பதவியிலும் இல்லாதவர். ஆனால் அரசாங்கம் அவர் வீட்டு வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

அலெக்ஸாண்டர் ஹாமில்டன்.

வாஷிங்டன் ஓய்வு பெற்றபோது அவருடைய அமைச்சர்களை ஆடம்ஸ் அப்படியே வைத்துக்கொண்டார். வெளியுறவுக்குத் திமதி பிக்கரிங், கருவூலத்துக்கு ஆலிவர் வோல்காட், போர்த்துறைக்கு ஜேம்ஸ் மெக்ஹென்றி. புதிய அதிபர் பழைய அமைச்சர்களை வெளியே அனுப்பலாமா என்பதற்கு அப்போது முன்னுதாரணமே இல்லை. அனுப்பினால் வாஷிங்டனை அவமதித்ததாகும் என்ற பயமும் இருந்தது. பின்னாளில் ஆடம்ஸ் இதை நினைத்து நொந்துகொண்டதுண்டு.

காரியம் நடந்த விதம் இது. அதிபர் ஏதாவது ஒரு விஷயத்தில் அமைச்சர்களின் கருத்தை எழுத்தில் கேட்பார். மெக்ஹென்றி அந்தக் கேள்விகளை அப்படியே நியூயார்க்குக்கு அனுப்பிவைப்பார். ஹாமில்டன் உட்கார்ந்து நீண்ட பதில் எழுதுவார். சில நாளில் அதே பதில், பல இடங்களில் அதே வார்த்தைகளோடு, மெக்ஹென்றியின் கையெழுத்தில் அதிபரின் மேசைக்கு வரும். ஆடம்ஸ் அதைப் படித்து, பரவாயில்லையே, நம் ஆள் நன்றாகத்தான் யோசிக்கிறார் என்று நினைத்துக்கொள்வார்.

இந்தக் கூத்து ஆண்டுக்கணக்கில் நடந்தது.

1798-இல் புதிய படை திரட்ட நாடாளுமன்றம் அனுமதி தந்ததும் குட்டு பாதி வெளியே வந்தது. படைக்குத் தலைமை வாஷிங்டன். அவருக்கு வயது 66. பெயருக்குத்தான் தலைமை, களத்தில் நிற்கப்போவது அடுத்த நிலையில் இருப்பவர். அந்த இடம் ஹாமில்டனுக்குத்தான் வேண்டும், இல்லையென்றால் நான் விலகிக்கொள்கிறேன் என்றார் வாஷிங்டன். ஆடம்ஸின் மனதில் வேறு வரிசை இருந்தது. ஆனால் வாஷிங்டன் கோபித்துக்கொண்டு போனார் என்ற செய்தியைத் தாங்க எந்த அதிபராலும் முடியாது. பல்லைக் கடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

ஆக, நாட்டில் ஒரு பெரிய படை உருவாகிறது. அதன் கடிவாளம் ஹாமில்டன் கையில். அமைச்சரவை ஏற்கெனவே அவர் கையில். பிரான்சோடு போர் வந்தால் மிச்சமும் அவர் கைக்குப் போய்விடும்.

ஆடம்ஸின் காதில் மணி அடித்தது அப்போதுதான். பிரெஞ்சுப் படையை இங்கே பார்க்கும் வாய்ப்பு, அதைச் சொர்க்கத்தில் பார்க்கும் வாய்ப்பைவிட அதிகமில்லை என்று அந்த அக்டோபரில் மெக்ஹென்றிக்கு எழுதினார். எதிரி வராத நாட்டில் எதற்கு இத்தனை பெரிய படை?

* * *

இங்கே சற்று நின்று, ஆடம்ஸின் பெயரில் இன்றும் கறையாக ஒட்டியிருக்கும் ஒன்றைப் பார்த்துவிடலாம்.

போர்ச் சூட்டோடு சூடாக, 1798 ஜூன், ஜூலையில் நான்கு சட்டங்கள் வந்தன. குடியுரிமை பெற 5 ஆண்டு காத்திருந்த வெளிநாட்டவர் இனி 14 ஆண்டு காத்திருக்க வேண்டும். ஆபத்தானவர் என்று அதிபர் நினைக்கும் வெளிநாட்டவரை விசாரணையே இல்லாமல் வெளியேற்றலாம். போர்க்காலத்தில் எதிரி நாட்டுக் குடிமக்களைப் பிடித்து அடைக்கலாம். இந்த மூன்றாவது சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. 2025-இல் வெனிசுவேலா நாட்டவர்களை வெளியேற்ற இதைத்தான் தூசி தட்டி எடுத்தார்கள்.

நான்காவது, ஜூலை 14-இல் வந்த தேசத்துரோகப் பேச்சுச் சட்டம். அரசையோ நாடாளுமன்றத்தையோ அதிபரையோ பற்றிப் பொய்யாக, கெட்ட நோக்கத்தோடு எழுதினாலோ பேசினாலோ 2,000 டாலர் வரை அபராதம், இரண்டு ஆண்டு வரை சிறை. பட்டியலில் துணை அதிபர் இல்லை. காரணம் எளிது. துணை அதிபர் தாமஸ் ஜெஃபர்சன் எதிர்க்கட்சிக்காரர். அவரை யார் வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் திட்டலாம்.

முதலில் மாட்டியவர் வெர்மான்ட் மாநிலத்தின் நாடாளுமன்ற உறுப்பினர் மேத்யூ லயன். ஆடம்ஸுக்கு ஆடம்பரத்தின் மேல் தீராத தாகம் என்று பத்திரிகையில் எழுதியிருந்தார். நான்கு மாதம் சிறை, 1,000 டாலர் அபராதம். தொகுதி மக்கள் சிறையில் இருந்தவரையே மறுபடி தேர்ந்தெடுத்து அனுப்பினார்கள்.

லூதர் பால்ட்வின் கதை இதைவிட வேடிக்கை. நியூஜெர்சியின் நெவார்க் வழியாக அதிபர் போகும்போது பீரங்கி முழங்கி மரியாதை செய்தார்கள். போதையில் இருந்த பால்ட்வின், அந்தக் குண்டு அதிபரின் பின்பக்கத்தில் பாய்ந்தாலும் எனக்குக் கவலையில்லை என்று உளறிவிட்டார். 150 டாலர் அபராதம். குடியரசின் பாதுகாப்புக்கு ஒரு குடிகாரரால் வந்த ஆபத்து இப்படியாக நீங்கியது.

ஆடம்ஸ் இந்தச் சட்டங்களைக் கேட்டு வாங்கவில்லை, வெளிநாட்டவர் ஒருவரைக்கூட நாடு கடத்தவில்லை என்று அவருடைய அபிமானிகள் சொல்வார்கள். இரண்டும் உண்மை. ஆனால் கையெழுத்து அவருடையது. பத்திரிகையாளர்கள் சிறைக்குப் போனபோது அவர் தடுக்கவும் இல்லை. 1770-இல் பாஸ்டன் படுகொலை வழக்கில், ஊரே எதிர்த்து நின்றபோதும் பிரிட்டிஷ் சிப்பாய்களுக்காக வாதாடிய அதே வக்கீல்தான் இவர். தன்னைத் திட்டினால் மட்டும் சட்டம் அவருக்கு வேறாகிவிட்டது. இனி நாம் பார்க்கப்போகும் துணிச்சலான காரியம் இந்தக் கறையைக் கழுவிவிட்டது என்று நான் நினைக்கவில்லை.

* * *

1798 இறுதியில் ஐரோப்பாவிலிருந்து கடிதங்கள் வரத் தொடங்கின.

மூன்று தூதர்களில் ஒருவரான எல்பிரிட்ஜ் கெர்ரி பாரிஸில் தங்கியிருந்துவிட்டு அக்டோபரில் திரும்பினார். டாலிராண்ட் போரை விரும்பவில்லை என்று ஆடம்ஸிடம் நேரில் சொன்னார். பெர்லினில் தூதராக இருந்த மகன் ஜான் குவின்ஸியின் கடிதங்களும் அதே தொனி. ஆகஸ்டில் நைல் நதி முகத்துவாரத்தில் நெல்சன் பிரெஞ்சுக் கப்பற்படையை நாசம் செய்துவிட்ட செய்தியும் வந்து சேர்ந்திருந்தது. கப்பல் இல்லாதவன் அட்லாண்டிக்கைத் தாண்டி எப்படிப் படையெடுப்பான்?

கடைசியாக வந்ததுதான் முக்கியம். ஹேக் நகரில் அமெரிக்கத் தூதராக இருந்தவர் வில்லியம் வான்ஸ் மர்ரே. டாலிராண்ட் எழுதிய ஒரு கடிதம் அவர் கைக்கு வந்து, அங்கிருந்து ஆடம்ஸுக்கு வந்தது. அமெரிக்கா அனுப்பும் தூதரை, சுதந்திரமான வலிமை மிக்க ஒரு நாட்டின் பிரதிநிதிக்குரிய மரியாதையோடு வரவேற்போம் என்பது அதன் சாரம்.

ஆடம்ஸ் அந்த வரியில் நின்றிருப்பார். ஏனென்றால் அவை அவருடைய சொந்த வார்த்தைகள். அப்படி ஒரு உறுதிமொழி வராமல் இனி பிரான்சுக்குத் தூதர் அனுப்பமாட்டேன் என்று ஜூன் மாதம் நாடாளுமன்றத்திடம் அவர் சொல்லியிருந்தார். டாலிராண்ட் கெட்டிக்காரர். கேட்ட வார்த்தைகளையே எடுத்துத் திருப்பிக் கொடுத்திருந்தார்.

1799 பிப்ரவரி 18.

செனட் கூடியிருந்தது. அவைக்குத் தலைமை வகித்தவர் துணை அதிபர் ஜெஃபர்சன். அதிபரிடமிருந்து ஒரு தாள் வந்தது. வழக்கமான நியமனம் ஏதாவது இருக்கும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஜெஃபர்சன் வாசித்தார்.

வில்லியம் வான்ஸ் மர்ரேயைப் பிரெஞ்சுக் குடியரசுக்கான தூதராக நியமிக்கிறேன். கூடவே டாலிராண்டின் கடிதம்.

ஃபெடரலிஸ்டுகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். படை திரட்டி, புது வரி போட்டு, சட்டம் இயற்றி, ஓராண்டாகப் போருக்கு ஊதி ஊதி வளர்த்த நெருப்பில் அவர்களுடைய அதிபரே ஒரு குடம் தண்ணீரை ஊற்றியிருந்தார். கட்சித் தலைவர்கள் யாரையும் கேட்கவில்லை. வெளியுறவுத் துறையைக் கவனிக்கும் பிக்கரிங்குக்கே முன்கூட்டித் தெரியாது. எதிர்வரிசையில் இருந்த ரிபப்ளிக்கன்களுக்கும் (இன்று அந்தப் பெயரில் இருக்கும் கட்சி வேறு) திகைப்புதான். ஃபெடரலிஸ்டுகளுக்கு இது முன்பே தெரிந்திருக்கவில்லை என்பதை ஜெஃபர்சன் மறுநாளே நண்பர் மாடிசனுக்கு எழுதி அனுப்பினார்.

ஒருவரையும் கேட்காமல் ஏன் செய்தார்? கேட்டிருந்தால் நடந்திருக்காது என்பதுதான் எளிய பதில். அமைச்சர்களிடம் சொல்லியிருந்தால் விஷயம் சில நாளில் நியூயார்க் போய்ச் சேர்ந்திருக்கும். மறுப்பு, திருத்தம், தாமதம், எல்லாம் வரிசையாக வந்திருக்கும். தம் வீட்டுச் சுவருக்குக் காது இருக்கிறது என்பதை ஆடம்ஸ் அதற்குள் உணர்ந்திருந்தார். ஆனால் அது மட்டும் காரணமில்லை. ஆலோசனை கேட்பது அவருக்கு எப்போதும் கசந்தது. தனியாக நின்று சரியாக இருப்பதில் அவருக்கு ஒரு சுகமே இருந்தது.

ஃபெடரலிஸ்ட் செனட்டர் செட்ஜ்விக் தலைமையில் செனட் குழு ஒன்று அவர் வீட்டுக்கே போய் வாதாடியது. ஆடம்ஸ் அசையவில்லை, எண்ணிக்கையில் மட்டும் இறங்கி வந்தார். ஒருவருக்குப் பதில் மூவர் போகட்டும். மர்ரேயோடு தலைமை நீதிபதி ஆலிவர் எல்ஸ்வொர்த்தும், வட கரோலினாவின் வில்லியம் டேவியும் சேர்ந்தார்கள்.

அந்தக் குளிர்காலத்தில் மனைவி அபிகெய்ல் பிலடெல்பியாவில் இல்லை. உடல்நலம் குன்றி, குவின்ஸி கிராமத்து வீட்டில் இருந்தார். அந்தக் கிழவி மட்டும் இங்கே இருந்திருந்தால் இப்படி நடந்திருக்காது என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள் என ஆடம்ஸ் அவருக்கே கடிதம் எழுதினார். கொழுப்புத்தான், ஆனால் அவர்கள் நினைப்பது தப்பு என்று கிழவி பதில் எழுதினார். கணவரின் முடிவில் அவருக்கு முழுச் சம்மதம்.

* * *

இதற்கு அடுத்து ஆடம்ஸ் செய்ததை என்னால் இன்றும் புரிந்துகொள்ள முடியவில்லை. மார்ச் மாதம் மூட்டையைக் கட்டிக்கொண்டு குவின்ஸிக்குப் போனார். ஏழு மாதம் தலைநகர்ப் பக்கம் திரும்பவில்லை.

தூதர்களுக்கான அறிவுரைகளைத் தயாரிக்க வேண்டியவர் பிக்கரிங். சமாதானமே வேண்டாம் என்பவரிடம் சமாதானத் தூதின் சாவி. அவர் அவசரப்படவில்லை. பாரிஸிலிருந்து உறுதிமொழி மறுபடி வரட்டும், எழுதிக்கொள்ளலாம், யோசிக்கலாம் என்று கோடை முழுக்க ஓடியது. அமைச்சர்களில் அதிபருக்கு விசுவாசமாக இருந்தவர் கப்பற்படைச் செயலர் ஸ்டாடர்ட். இங்கே ஏதோ நடக்கிறது, உடனே வாருங்கள் என்று அவர் கடிதம் மேல் கடிதம் எழுதிய பிறகுதான் ஆடம்ஸ் புறப்பட்டார்.

பிலடெல்பியாவில் மஞ்சள் காய்ச்சல். அரசாங்கம் தற்காலிகமாக டிரென்டன் ஊருக்கு இடம் மாறியிருந்தது. 1799 அக்டோபர் 10-ஆம் தேதி வாக்கில், கடுமையான ஜலதோஷத்தோடு வந்து சேர்ந்த அதிபருக்கு ஒரு தங்கும் விடுதியில்தான் இடம் கிடைத்தது.

பார்த்தால், அழைக்காமலே ஹாமில்டனும் வந்திருக்கிறார்.

ஹாமில்டன் அதிபரைத் தனியாகச் சந்தித்து மணிக்கணக்கில் பேசினார். ஐரோப்பாவில் காற்று மாறிவிட்டது. ரஷ்யாவும் ஆஸ்திரியாவும் பிரெஞ்சுப் படைகளை விரட்டுகின்றன. பாரிஸில் ஆட்சி ஆடுகிறது. பழைய அரச குடும்பம் கூடிய சீக்கிரம் திரும்பி வரும். இந்த நேரத்தில் புரட்சி அரசோடு கை குலுக்குவது பைத்தியக்காரத்தனம். இதுதான் அவருடைய வாதம்.

ஆடம்ஸ் அன்று பொறுமையாகக் கேட்டார். இத்தனை முட்டாள்தனமாகப் பேசிய ஒருவரை என் வாழ்நாளில் கேட்டதில்லை என்று பல ஆண்டுகள் கழித்து எழுதினார். எதிரில் இருந்தவர் கை காலெல்லாம் ஆட்டிக் கொதித்துப் பேசிய சித்திரத்தையும் சேர்த்துத் தந்திருக்கிறார். இது ஒரு தரப்பின் நினைவு மட்டும்தான் என்பதை மறக்கக் கூடாது. அவருக்கு மறதி குறைவு, வன்மம் அதிகம்.

அக்டோபர் 15 இரவு அமைச்சரவை கூடியது. தூதர்களுக்கான அறிவுரைகளை வரி வரியாகப் பார்த்து முடிக்கும்போது மணி பதினொன்று ஆகிவிட்டது. போகலாமா கூடாதா என்ற விவாதம் நாளைக்கு இருக்கும் என்று நினைத்துக்கொண்டு அமைச்சர்கள் படுக்கப் போனார்கள்.

மறுநாள் காலை உணவுக்கு முன்பே அவர்களுக்கு உத்தரவு வந்துவிட்டது. நவம்பர் 1-க்குள் தூதர்கள் கப்பல் ஏற வேண்டும். விவாதம் கிடையாது.

நவம்பர் 3-இல் ‘யுனைடெட் ஸ்டேட்ஸ்’ என்ற போர்க்கப்பல் எல்ஸ்வொர்த்தையும் டேவியையும் ஏற்றிக்கொண்டு நியூபோர்ட் துறைமுகத்திலிருந்து கிளம்பியது. அவர்கள் நடுக்கடலில் இருந்தபோதே பாரிஸில் ஆட்சி கவிழ்ந்தது. ஹாமில்டன் சொன்ன மாதிரி அரச குடும்பம் வரவில்லை. நவம்பர் 9-இல் நெப்போலியன் வந்தார்.

* * *

டிசம்பர் 14-இல் வாஷிங்டன் இறந்தார். ஃபெடரலிஸ்ட் கட்சியை ஒட்டவைத்திருந்த பசை அவர் ஒருவர்தான். அவர் போனதும் உடைசல் வெளிப்படையாகவே கேட்கத் தொடங்கியது.

1800 மே மாதத் தொடக்கத்தில் நியூயார்க்கிலிருந்து இடி போலச் செய்தி. மாநிலச் சட்டசபைத் தேர்தலில் ரிபப்ளிக்கன்கள் ஜெயித்துவிட்டார்கள். அந்தச் சட்டசபைதான் அதிபர் தேர்தலுக்கான 12 தேர்வாளர்களை நியமிக்கும். நியூயார்க் நகரின் வார்டு வார்டாகப் புகுந்து வேலை பார்த்து இதைச் சாதித்தவர் ஆரன் பர். ஹாமில்டனின் சொந்த ஊரிலேயே ஹாமில்டனைக் கவிழ்த்திருந்தார்.

மே 5 மாலை. விருந்து ஒன்றில் இருந்த மெக்ஹென்றிக்கு அதிபரிடமிருந்து ஆள் வந்தது. போனார். ஒரு சாதாரண நியமனத்தைப் பற்றித்தான் பேச்சு. முடிந்தது. மெக்ஹென்றி கிளம்ப எழுந்தார்.

அப்போது ஆடம்ஸ் வெடித்தார்.

ஹாமில்டனுக்கு அடிமை வேலை பார்க்கிறீர் என்றார். நியூயார்க் தோல்விக்கே ஹாமில்டனின் சூழ்ச்சிதான் காரணம் என்றார். உலகத்திலேயே பெரிய சூழ்ச்சிக்காரன், ஒழுக்கம் கெட்டவன், முறைதவறிப் பிறந்தவன், வெளிநாட்டான் என்று வசைகள் அடுக்கடுக்காக வந்தன. ஜெஃபர்சன் அவனைவிட எவ்வளவோ மேலான மனிதர், அவர் அதிபரானால் விவேகமாக நடந்துகொள்வார் என்று கட்சியின் பரம எதிரிக்கே நற்சான்றிதழ் கொடுத்தார். மெக்ஹென்றி நின்றபடியே கேட்டுவிட்டு, ராஜினாமா செய்கிறேன் என்றார். மறுநாள் கடிதம் கொடுத்தார். கேட்டதையெல்லாம் எழுதிவைத்து ஹாமில்டனுக்கும் ஒரு பிரதி அனுப்பினார்.

அடுத்தவர் பிக்கரிங். ராஜினாமா செய்யும்படி மே 10-இல் ஆடம்ஸ் எழுதினார். பெரிய குடும்பம், சம்பளத்தை நம்பி வாழ்கிறேன், மாட்டேன் என்று 12-ஆம் தேதி காலை பதில் வந்தது. அன்றே பதவி நீக்க உத்தரவு போனது. அமெரிக்க வரலாற்றில் ஓர் அதிபர் தம் அமைச்சரை வெளியேற்றியது அதுதான் முதல் முறை. அந்த இடத்துக்கு ஜான் மார்ஷல் வந்தார். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதே மாதம் 21-ஆம் தேதி இன்னொரு காரியம். போருக்கான வீட்டு வரியை எதிர்த்துப் பென்சில்வேனியாவின் ஜெர்மானிய விவசாயிகள் 1799-இல் கிளர்ந்திருந்தார்கள். வீட்டை அளக்க வந்த வரி அலுவலர்கள் மீது பெண்கள் மாடியிலிருந்து வெந்நீரை ஊற்றினார்கள். தலைமை தாங்கிய ஜான் ஃப்ரீஸுக்கும் இன்னும் இருவருக்கும் தூக்கு என்று தீர்ப்பாகியிருந்தது. தூக்குக்கு இரண்டு நாள் இருக்கும்போது ஆடம்ஸ் மூவரையும் மன்னித்தார். அமைச்சர்கள் வேண்டாம் என்றிருந்தார்கள். ஹாமில்டன் இதையும் குறித்துவைத்துக்கொண்டார்.

குறித்துவைத்ததெல்லாம் அக்டோபரில் 54 பக்கப் புத்தகமாக வந்தது. ஆடம்ஸின் குணத்தையும் ஆட்சியையும் பற்றி ஹாமில்டன் எழுதிய கடிதம். அமைச்சரவையிலேயே தங்கிவிட்ட வோல்காட் உள்ளேயிருந்து தகவல் கொடுத்திருந்தார். தற்பெருமை, பொறாமை, அடக்க முடியாத கோபம், நாட்டை ஆளத் தகுதியில்லாத சுபாவம் என்று பக்கம் பக்கமாக அடுக்கிவிட்டு, கடைசியில் இவருக்கு வாக்குப் போடாமல் விட்டுவிடாதீர்கள் என்று முடித்திருந்தார். கட்சித் தலைவர்களுக்கு மட்டும் ரகசியமாகப் போக வேண்டிய பிரதி பர் கையில் கிடைத்தது. பிறகென்ன, பத்திரிகைகளுக்குத் தீபாவளி.

* * *

பாரிஸுக்கு வடக்கே மோர்ட்ஃபோன்டேன் என்ற ஊரில் நெப்போலியனின் அண்ணன் ஜோசப்புக்கு ஒரு மாளிகை. சமாதான உடன்படிக்கை அந்த ஊரின் பெயரோடுதான் வழங்குகிறது. தேதி 1800 செப்டம்பர் 30. சண்டை முடிந்தது, பழைய கூட்டணியும் முடிந்தது. விருந்து, வாணவேடிக்கை எல்லாம் நடந்தன. உடன்படிக்கைத் தேதிக்கு மறுநாள், அக்டோபர் 1-இல், அமெரிக்கர்கள் யாருக்கும் தெரியாமல், லூசியானா என்ற மாபெரும் நிலப்பரப்பை ஸ்பெயினிடமிருந்து திரும்பப் பெற நெப்போலியன் ரகசிய ஒப்பந்தம் போட்டுக்கொண்டார். அந்தக் கதைக்கு ஜெஃபர்சன் காலத்தில் வருவோம்.

செய்தி கப்பலில் வர வேண்டும். அமெரிக்கக் கரையை அது தொடும்போது நவம்பர் பிறந்துவிட்டது. பல மாநிலங்களில் முடிவு அதற்குள் தெரிந்துவிட்டது. உடன்படிக்கையோடு டேவி வந்து சேர்ந்தது டிசம்பரில். தேர்வாளர்கள் டிசம்பர் 3-இலேயே வாக்களித்து முடித்துவிட்டார்கள்.

ஜெஃபர்சன் 73. பர் 73. ஆடம்ஸ் 65.

சமாதானத்துக்காகப் பதவியைப் பலிகொடுத்தார் என்று ஆடம்ஸைப் பற்றிச் சொல்வது வழக்கம். அவரே அப்படித்தான் நம்பினார். 1800-இல் பிரான்சோடு சமாதானம் செய்துகொண்ட பொறுப்பை ஏற்றவன் என்பதைத் தவிர என் கல்லறையில் வேறொன்றும் வேண்டாம் என்று 1815-இல் ஒரு நண்பருக்கு எழுதினார். ஆனால் எண்கள் வேறு கதையும் சொல்கின்றன. நியூயார்க்கின் 12 வாக்குகள் 1796-இல் போல அவருக்கே வந்திருந்தால் 77-க்கு 61 என்று ஜெயித்திருப்பார். தென் மாநிலங்களில் வாக்கே இல்லாத அடிமைகளையும் ஐந்தில் மூன்று பங்கு என்று கணக்கில் சேர்த்து இடங்கள் கொடுத்தார்கள். அந்தக் கூடுதல் இடங்கள் இல்லையென்றாலும் அவர்தான் ஜெயித்திருப்பார் என்று பல வரலாற்றாசிரியர்கள் கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

என் கண் அந்த ஏழு மாதத்தில்தான் போய் நிற்கிறது. தூதர்கள் நவம்பரில் அல்லாமல் 1799 கோடையில் போயிருந்தால், சமாதானச் செய்தி தேர்தலுக்கு முன்பே ஊர் ஊராகப் பரவியிருக்கும். பிக்கரிங் தாமதித்தார், சரி. அவரைத் தாமதிக்க விட்டுவிட்டுக் குவின்ஸியில் உட்கார்ந்திருந்தது யார்?

* * *

புதிய தலைநகரம் வாஷிங்டன். நவம்பர் 1-இல் அதிபர் மாளிகையில் முதல் ஆளாகக் குடியேறினார் ஆடம்ஸ். கட்டி முடிக்காத வீடு. ஈரம் போக எல்லா அறையிலும் விறகு எரிக்க வேண்டும். பின்னால் வந்து சேர்ந்த அபிகெய்ல், பூச்சு வேலைகூட முடியாத பெரிய கூடத்தில் கொடி கட்டித் துணி உலர்த்தினார். நவம்பர் 30-இல் நியூயார்க்கில் மகன் சார்லஸ், குடியால் உடல் கெட்டு, முப்பது வயதில் இறந்தார். தேர்தல் தோல்வி அதே வீட்டுக்கு அதே குளிர்காலத்தில் வந்தது.

1801 மார்ச் 4 வரை அதிகாரம் அவருடையதுதான். அதற்குள் இரண்டு சிக்கல்.

ஜெஃபர்சனும் பர்ரும் சமம். ஒரே கட்சியின் அதிபர் வேட்பாளரும் துணை அதிபர் வேட்பாளரும் ஒரே எண்ணிக்கையில் நிற்கிறார்கள். அன்றைய அரசமைப்பின்படி யாருக்கு எந்தப் பதவி என்று தேர்வாளர்கள் தனித்தனியாகக் குறிப்பிட வழியில்லை. முடிவு பிரதிநிதிகள் சபையின் கையில். 16 மாநிலங்கள், ஆளுக்கு ஒரு வாக்கு, 9 வேண்டும். அந்தச் சபையிலோ, தோற்றுப்போன ஃபெடரலிஸ்டுகள் இன்னும் பலமாக இருக்கிறார்கள். ஜெஃபர்சனைத் தடுக்க பர்ரைத் தூக்கிவிடலாமா என்று அவர்கள் கூடிக் கூடிப் பேசுகிறார்கள். நியூயார்க்கில் ஹாமில்டன், தான் வெறுக்கும் இருவரில் ஒருவருக்காகக் கடிதம் எழுத உட்காருகிறார்.

டிசம்பர் நடுவில் இன்னொரு கடிதம் வந்தது, பிரான்சிலிருந்து. சமாதானம் பேசப் போன எல்ஸ்வொர்த் உடல்நலம் கெட்டு அங்கேயே தங்கிவிட்டார். தலைமை நீதிபதி பதவியிலிருந்து விலகுகிறேன் என்று எழுதியிருந்தார். ஆடம்ஸின் தூது அவருக்கு ஒரு காலி நாற்காலியை மிச்சம் வைத்திருந்தது. வாழ்நாள் பதவி. அடுத்த அதிபரால் அசைக்க முடியாதது.

தோற்ற அதிபர் அதில் யாரை உட்காரவைப்பார்? அவர் முடிவெடுப்பதற்குள், அடுத்த அதிபர் யார் என்பதையாவது அந்தச் சபையால் சொல்ல முடியுமா?

(தொடரும்)